பார்வை நேரம் ஐந்தரை வரை

கிர்ரக், கிர்ரக், கிர்ரக் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. மறுபடியும் கிர்ரக், கிர்ரக். கலியாணமாகி வந்த முதல் வாரம் கோமதி அதை ஏதோ கடல்பறவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஒழுங்காகக் கத்துகிற பறவை எது என்று கேட்டதற்குக் கணவர் பால்வண்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பறவை இல்லை ஏளா, அது நான்தான், என்றார். கலங்கரை விளக்கக் கோபுரத்தின் நடுக்குழிக்குள் ஓர் இரும்புக் குண்டு சங்கிலியில் தொங்கும், அது தன் பாரத்தால் இறங்க இறங்க மேலே விளக்கின் கண்ணாடி சுற்றும், குண்டு தரையைத் தொடுவதற்குள் காவலுக்கு இருக்கிறவர் கைப்பிடியைச் சுற்றி அதை மேலே ஏற்றிவிட வேண்டும், அந்தச் சத்தம். நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே கலங்கரை விளக்கத்தின் அடிவாசலில் நிற்கும்போது அவள் காது அதைத்தான் தேடியது. இப்போது குண்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. குழியைக் கம்பிவலை போட்டு மூடியிருந்தார்கள், வலையின் மேல் யாரோ குடித்துப் போட்ட பழச்சாறு டப்பா ஒன்று கிடந்தது. சுவரில் அறிவிப்புப் பலகை. பார்வை நேரம் மூன்று முதல் ஐந்தரை வரை. படிகள் நூற்றுப் பத்தொன்பது. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம். அவள் அதை இரண்டு தரம் படித்தாள், படித்தால் கொஞ்சம் நேரம் போகும் என்பதற்காக. மணி நாலே கால். ஐந்தரை வரை இருக்கிறது. ஐந்தரைக்குப் பிறகு கார், காரில் இருபது நிமிஷம், அதற்குப் பிறகு அந்த இல்லம். ஞாபகம் போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லம். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுங்கள், இருட்டினால் புது இடத்தில் மிரண்டுபோவார்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். காரின் பின்பெட்டிக்குள் பால்வண்ணத்தின் துணிகள் மடித்து அடுக்கிய சூட்கேஸ் இருக்கிறது. அது மகன் சங்கரனுக்குத் தெரியும், மருமகள் சுகந்திக்குத் தெரியும், கோமதிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. லைட்ஹவுஸ் பார்க்கப் போகிறோம் என்று காலையில் சொன்னதும் அவராகவே சவரம் செய்துகொண்டு, மோவாயில் வெட்டிக்கொண்ட இடத்தில் காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு, ஏழு மணிக்கே காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க அத்தை. நான் கார்ல இருக்கேன். மெதுவா ஏறுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சுகந்தி தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். அவசரமில்லை என்று சொல்லும்போது சுகந்தி கோமதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஏறிக்கொண்டிருந்தார். வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியை மறந்துவிடுகிற கால்கள் இங்கே எதையும் மறக்கவில்லை. வலது கை சுவரைத் தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைக் கொஞ்சம் குனிந்து, அங்கே தாழ்வான உத்தரம் ஒன்று இருப்பது தலைக்கே தெரிந்ததுபோல. கோமதி பின்னால். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, முழங்கால் வலிக்க வலிக்க. பதினொன்று, பன்னிரண்டு. இப்போது சொல்லிவிடலாம். வேண்டாம்டா சங்கரா, அப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவோம். இவ்வளவுதான் வாக்கியம். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வழியில் கங்கைகொண்டான் தாண்டியதும் சொல்லியிருக்கலாம், நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்தியபோது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அது பழுத்துப்போய் இருக்கிறது, நாக்கால் தொட்டால் விழுந்துவிடும், ஆனால் விழவில்லை. பதினேழு. கொண்டுவருகிற எல்லாத் துணியிலும் பேர் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள், துவைக்கும்போது மாறிவிடுமாம். மைப் பேனாவால் எழுதினால் போதும் என்றான் சங்கரன். அவள் நூலால்தான் தைத்தாள். சிவப்பு நூல். எட்டுச் சட்டை, ஆறு வேட்டி, பனியன்கள், துண்டு, கைக்குட்டைகூட. பால்வண்ணம், பால்வண்ணம், பால்வண்ணம். கலியாணம் ஆன நாளிலிருந்து வாயால் ஒரு தரம்கூடச் சொல்லாத பேரை மூன்று நாளில் முப்பத்தெட்டு இடத்தில் குத்திக் குத்தி எழுதினாள். அப்போது அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கும்மா தைக்கிய? பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்று கேட்டார். ஆமா என்றாள். "நல்லாப் படிக்கானா?" நல்லாப் படிக்கான் என்றாள். இருபத்திமூன்று, இருபத்திநான்கு, இல்லை, எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து எண்ண வேண்டுமானால் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். இறங்கி ஏறினால் எவ்வளவு நேரம் ஆகும். இருட்டிவிடுமா. இருட்டிவிட்டால் இன்றைக்கு வேண்டாம் என்று ஆகிவிடுமே.

திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதன் கல்விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சங்கரன் பின்னால் வந்து நின்றான். அவனும் மூச்சு வாங்கினான். நாற்பது வயதுக்கு அதிகமாகவே வாங்கினான். "முட்டி வலிக்காம்மா?" "இல்ல." "கீழ இருந்திருக்கலாம்லாம்மா நீ. இங்க ஏறணும்னு நீதான் ஒத்தக்கால்ல நின்ன." ஆமாம், அவள்தான் நின்றாள். போகிற வழிதானே, ஒரு தரம் ஏற்றிக் காட்டிவிட்டுப் போவோம், சந்தோஷப்படுவார் என்று சொன்னாள். அவருடைய சந்தோஷத்துக்கா? இரண்டு மணி நேரம். தூக்குக் கைதி கடைசி ஆசை கேட்பதுபோல இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், அதுவும் கைதியின் பேரைச் சொல்லி. சங்கரன் அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தான். மாவுக்கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது, தோல் இன்னும் வெளுத்துச் சுருங்கித்தான் இருக்கிறது. விடியற்காலையில் காபி போடப் போனவளை அவர் திருடி என்று நினைத்துப் பிடித்துத் தள்ளினார். விழுந்தவளைப் பார்த்து, வெளியே போ, என் பெண்டாட்டி உள்ளே தூங்குகிறாள் என்று சத்தம் போட்டார். வலியைவிட அந்தச் சொல்தான். அந்த உள்ளே தூங்குகிற பெண்டாட்டியின் மேல் அவளுக்கு வந்த பொறாமைதான். அதற்கு முந்தின மாசம் தண்டவாளத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தவரைக் கேட்மேன் பிடித்து உட்காரவைத்தார். அதற்கும் முன்னால் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். "அம்மா, நீ மனசுல எதாச்சும் வச்சிருக்கியா? இருந்தா இப்பமே சொல்லிரு. அங்க போயி வாசல்ல வச்சு சொல்லாத. என்னால முடியாது" என்றான் சங்கரன். கேட்டுவிட்டான். கேட்டே விட்டான். அவன் குரல் உடைந்து இருந்தது, பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்து நின்ற குரல். வாக்கியம் நுனிநாக்குக்கு வந்தது. மணிக்கட்டு தானாகப் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவளுக்குப் பயம். அவரை விட்டுவிடப் பயம், அவரோடு தனியாக வீட்டில் இருக்கப் பயம். எந்தப் பயம் பெரிது என்று நிறுத்துப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. "ஒண்ணும் இல்ல. ஏறு" என்றாள். மேலேயிருந்து அவர் குரல் குழாய்க்குள் பேசுகிறமாதிரி இறங்கி வந்தது. "ஏல சங்கரா, என்னல படியில குடும்பம் நடத்துதிய? வாங்கல!" சங்கரன் சிரித்துவிட்டான். எட்டு மாசமாக அவன் பேரை அவர் சொன்னதில்லை.

ஜன்னல் வழியாகக் கீழே அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் தெரிந்தது. ஓடு மாற்றி வெள்ளையடித்திருந்தார்கள், ஆனால் முற்றம் அதே முற்றம். அதைப் பார்க்கக் கூடாது என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள், உயரத்திலிருந்து முழுசாகப் பார்த்துவிட்டாள். அந்த முற்றத்தில்தான் நின்றாள், ஏழு மாசம், முதல் பிள்ளை, விடியற்காலை நாலு மணி, புடவை நனைந்துபோய். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட வழக்கமில்லை. என்னங்க, என்னங்க என்று காற்றுக்குள் கத்தினாள். மேலே கம்பி வளையத்துக்குப் பக்கத்தில் அவர் தலை தெரிந்தது. "தாமஸ் வரட்டும். இந்தா வந்திருதேன்" என்று கத்தினார். தாமஸ் அவருக்கு அடுத்த காவல். விளக்கை விட்டுவிட்டு ஆள் இறங்கக் கூடாது. தாமஸின் சைக்கிள் அன்றைக்கு மணலில் செயின் அறுந்து நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் தலைக்கு மேலே வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. பத்து நொடிக்கு ஒரு தரம் முற்றம் வெளுக்கும், அவளைக் காட்டும், இருளும். கடலில் போகிற யாரோ முகம் தெரியாதவர்களுக்காக ஒழுங்காகச் சுற்றியது. பெண்பிள்ளை. அழவே இல்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. சங்கரன் பிறந்தது வேறு ஊரில், வேறு விளக்கின் அடியில். அவனுக்கு ஒரு அக்காள் இருந்தாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இங்கே இருந்த இரண்டரை வருஷத்தில் அவள் ஒரு தரம்கூட இந்தப் படியில் ஏறியதில்லை. வா, ஒரு தரம் பாரு, கப்பல் எல்லாம் பொம்மை மாதிரி தெரியும் என்று அவர் கூப்பிடுவார். மாட்டேன் என்பாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்காததால் அவருக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். தெரிந்தும் கேட்கவில்லையே என்று நினைத்தாள். தெரியாமலே இருக்கலாமோ என்றும் நினைத்தாள். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்க வேண்டிய ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், சாவி யாரிடமும் இல்லை. அன்றைக்கு இறங்கி வந்திருக்கலாம். எந்தக் கப்பல் முழுகியிருக்கும். ஒரு கப்பல், ஒரே ஒரு கப்பல். முழுகியிருந்தால்தான் என்ன என்று இத்தனை வருஷத்தில் எத்தனை தரம் நினைத்திருப்பாள். நினைத்துவிட்டு, சாமி அறையில் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நாளைக்கு அந்த இல்லத்தில் அவர் என்னங்க, யாராச்சும் வாங்க என்று கத்தினால், இந்தா வந்திருதேன் என்று சொல்லக்கூட அங்கே அவள் இருக்கமாட்டாள். இது பழிவாங்குகிறதா. இல்லை. இல்லைதானே. படியின் குளிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறியது. எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள்.

மேலே விளக்கறை கண்ணாடிக் கூண்டுபோல இருந்தது, ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காகப் பட்டை தீட்டிய பெரிய கண்ணாடி நடுவில். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பிலோமினா என்கிற ஐம்பது வயது அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்ப்பது அவள் வேலை. கோமதியைக் கண்டதும் அவள் எழுந்து இடம் கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரரா? வந்ததுலேருந்து எனக்கு வேலை சொல்லித் தாராரு. சுப்பிரண்டு தோத்துருவாரு போங்க." அவர் விளக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முகத்தில் கோபம், ஆனால் ஒழுங்கான கோபம், வீட்டில் வருகிற மிரண்ட கோபம் இல்லை. "மேக்க எதுக்கு தெறந்து கெடக்கு? வெயில் நேரா விழுது பாருங்க. கண்ணாடி வெயிலைக் குவிச்சுதுன்னா பொசுங்கிரும். திரை எங்க?" பிலோமினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமா அய்யா. ஆளுவ பாக்கதுக்காண்டி விலக்குனேன், போட மறந்துட்டேன்." அவள் இழுப்பதற்குள் அவரே எட்டி, கம்பியில் வளையங்கள் சரசரவென்று ஓட, காடாத்துணியை இழுத்து மூடினார். கை நடுங்கவில்லை. கோமதி சங்கரன் பக்கம் திரும்பினாள். பாரு சங்கரா, இவர் சரியாகத்தானே இருக்கிறார், இவருக்கு எல்லாம் தெரிகிறதே, எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, டாக்டர் வேறு யாருடைய ஸ்கேன் படத்தையோ பார்த்துச் சொல்லிவிட்டார். இப்போது சொல்லு. இதைவிட நல்ல நேரம் வராது. அவள் சங்கரனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கண் நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் திரும்பி அவளைப் பார்த்தார், மரியாதையாக, அறிமுகமில்லாத பெண்களைப் பார்க்கிறமாதிரி கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தி. "நீங்க விசிட்டரா அம்மா? வெளிய காத்து பலம். சேலையைப் பிடிச்சுக்கிடுங்க" என்றார். அவள் சட்டைக் கையை விட்டுவிட்டாள். வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று காதை அறைந்தது. கடல் அவள் நினைத்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சுருக்கம் விழுந்த பழைய துணிமாதிரி இருந்தது. கீழே கார் ஒரு தீப்பெட்டி. அதற்குள் ஒரு சூட்கேஸ். அதற்குள் முப்பத்தெட்டுப் பேர். காற்று பலமாக அடித்து இந்தக் கோபுரம் அப்படியே சாய்ந்துவிட்டால் யாரும் எதுவும் தீர்மானிக்க வேண்டாம் என்று நினைத்தாள். பிலோமினாவும் சேர்ந்தல்லவா விழுவாள் என்று உடனே நினைத்து வெட்கப்பட்டாள்.

ஐந்து இருபதுக்கு பிலோமினா கையைத் தட்டினாள். "நேரம் ஆச்சு, எல்லாரும் எறங்கணும். பூட்டணும்." ஒரு கல்லூரிக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. பால்வண்ணம் பிலோமினாவின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "அப்பா, போலாம்ப்பா" என்றான் சங்கரன். "நீ போ. நான் டூட்டில இருக்கேன்லா." "டூட்டி முடிஞ்சாச்சுப்பா." "ரிலீவர் எங்க? அடுத்த டூட்டிக்காரன்?" "யாரும் இல்லப்பா, இப்பல்லாம் மோட்டார்தான், தானா எரியும்." "தானா எரியுமா? ஏல, கிறுக்கா நீ?" சங்கரன் தோளைத் தொட்டான். அவர் தட்டிவிட்டார். கண் மாறிவிட்டது, அந்த மிரட்சி வந்துவிட்டது. கோமதியின் மணிக்கட்டு அதை முதலில் கண்டுகொண்டது. சங்கரன் மணியைப் பார்த்தான், கீழே எட்டிப் பார்த்தான், தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்று கணக்குப் போட்டான். இத்தனை படி, இவ்வளவு குறுகல். "இருட்டீரும்மா" என்றான். இருட்டட்டும். இப்படியே விட்டுவிட்டால் இருட்டிவிடும். சிஸ்டர் நாளைக்கு வாருங்கள் என்பார். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம், ஒரு மாசம். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவர் எழுந்து வெளிச்சுற்று வாசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, கிட்ட வராதீங்க, கிட்ட வராதீங்க என்று கையை வீசினார். வேட்டி காற்றில் படபடத்தது. கைப்பிடிக் கம்பி அவர் இடுப்பளவுக்குத்தான் இருந்தது. சங்கரன் ஓரடி வைத்தான், அவர் ஓரடி பின்னால் போனார். பிலோமினா மாதாவே என்றாள். கோமதிக்கு வழி தெரிந்தது. அது முதலிலேயே தெரிந்திருந்தது என்பதுதான் அவளுக்குப் பயங்கரமாக இருந்தது. ரிலீவர் மேலே வர வேண்டும், விளக்கைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், சார்ஜ் எடுத்தாச்சு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் இருக்கிறவர் படியில் கால் வைப்பார். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாள்கூட அவர் அதை மீறியதில்லை. அந்த விடியற்காலையில்கூட மீறவில்லை. அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், மனைவி போய், மகன் போய், வீடு போய். அதைத்தான் அவள் தொடப்போகிறாள்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்குக்கு முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நான்தான் ரிலீவர்" என்றாள். அவர் கையை வீசுவதை நிறுத்தினார். "லேடீஸா?" "இப்ப லேடீஸும் வாராங்க. இந்தா, இந்த அம்மா இல்லையா?" பிலோமினா சட்டென்று காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஆமா அய்யா, என்றாள். "பேரு?" "கோமதி. கோமதி பால்வண்ணம்." வாயால் சொல்லிவிட்டாள். அவர் புருவத்தை உயர்த்தினார். "பால்வண்ணமா? நம்ம பேருல்லா!" சிரிப்பு வந்தது அவருக்கு. உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார். "சரி, கேட்டுக்கிடுங்க. காத்து தெக்க இருந்து. கெழக்க ரெண்டு வள்ளம் நிக்கி, கரைக்கு வரல, கவனிக்கணும். மேக்க திரை போட்டாச்சு. விளக்குல ஒரு குறையும் இல்ல." "சார்ஜ் எடுத்தாச்சு" என்றாள் கோமதி. குரல் தட்டையாக வந்தது, நன்றாகப் பழகிய குரல்போல. அவர் மூச்சை விட்டார். முகத்தில் இருந்த ஒவ்வொரு கோடும் அவிழ்ந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு சகஉத்தியோகஸ்தரிடம் சொல்கிறமாதிரி சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் வெரசலாப் போறேன். கீழ குவார்ட்டர்ஸ்ல எம் பொஞ்சாதி தனியா இருக்கா. மாசமா இருக்கா. ரெண்டு மூணு தரம் கூப்பிட்டுட்டா. சத்தம் கேட்டுச்சு. ஆனா விட்டுட்டுப் போக முடியாதுல்லா?" முடியாது என்றாள் கோமதி. போங்க, என்றாள். சீக்கிரம் போங்க.

அவர் சங்கரனை முந்திக்கொண்டு இறங்கினார். அவள் பின்னால் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் முடியவில்லை. பிலோமினா அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். படியில் அவர் காலடிச் சத்தம் வேகமாக, இரண்டு இரண்டாக, இருபத்தொன்பது வயதுக்காரனின் சத்தமாக, சுற்றிச் சுற்றிக் கீழே போய்க்கொண்டிருந்தது. என்னங்க என்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இப்போது அவர் வருவார். இப்போதுதான் வருவார். வாயைத் திறந்தாள். கீழே கார்க் கதவைச் சுகந்தி திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் முற்றத்தின் நடுவில் ஒரு கணம் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பதும், சங்கரன் அவர் காதில் ஏதோ சொல்வதும், அவர் சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு வண்டிக்குள் குனிந்து ஏறுவதும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். கம்பியைப் பிடித்து எழுந்து, முதல் படியில் காலை வைத்தாள்.

பால்வண்ணம் அந்த இல்லத்தில் ஏழு மாசம் இருந்தார். பங்குனியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், அப்படியே இறந்துபோனார். கோமதி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.